நெடுநடைக்கு மெரினோ கம்பளி உள்ளாடை: தேர்ந்தெடுப்பது முதல் துவைப்பது வரை

காலணியையும் முதுகுப்பையையும் வாரக்கணக்கில் ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூட, உள்ளாடை என்று வரும்போது அலமாரியில் கைக்குக் கிடைத்த பருத்தித் துணியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். மூன்று நாள் மலை நடை ஒன்றில், இரண்டாம் நாள் மதியம், வியர்வையில் ஊறிப்போன பருத்தித் துணியின் தையல் தொடை இடுக்கை அரம்போல உரசத் தொடங்கியது. மீதித் தொலைவைக் கால்களை அகட்டி வைத்தே நடந்து முடித்தேன். இந்தச் சிறு துணியைப் பற்றி அக்கறையோடு யோசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை எளிதில் விடாமல் நனைந்த துணியாகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி வலுவிழப்பதால் உராய்வில் சீக்கிரம் புண்ணாகிறது. நடையை நிறுத்தி உட்கார்ந்தால் அதே ஈரம் உடற்சூட்டை இழுத்துக் குளிரவும் வைக்கிறது. மெரினோ என்னும் செம்மறி ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி வேறு விதமாக நடந்துகொள்கிறது. நம் முடியையும் நகத்தையும் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன அதன் இழைக்கு, நீரை விலக்கும் செதில்கள் புறத்திலும் ஈரத்தை ஈர்க்கும் பகுதி உள்ளேயும் அமைந்திருக்கின்றன. வியர்வை நீராவியாக இருக்கும்போதே இழைக்குள் சென்று தங்கிவிடுவதால், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் துணி தோலுக்கு உலர்ந்ததுபோலவே தோன்றுகிறது. பாலியஸ்டர் இழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான ஈரத்தையே ஏற்கும். விரைவில் காயும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே நாளில் வாடை பிடித்துவிடும். கம்பளியோ வாடை தரும் பொருள்களைத் தன் இழைக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதைக் கேட்டு, மெரினோ நனையவே நனையாது என்று எண்ணிவிடக் கூடாது. கொட்டும் மழையிலோ இடுப்பளவு நீரைக் கடக்கும்போதோ அதுவும் முழுக்க நனையும். நனைந்தால் பாலியஸ்டரைவிட மெதுவாகத்தான் காயும். ஆகவே நீச்சல், படகு வலித்தல் போன்றவற்றுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல நாள் நடை, பனிச்சறுக்கு, மிதிவண்டிப் பயணம், குளிர் முகாம் ஆகியவையே இதற்கு ஏற்ற களங்கள்.

கம்பளி என்றவுடன் அரிக்குமே என்ற தயக்கம் எழுவது இயல்பு. அரிப்புக்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணமாக இருப்பதில்லை. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் நுனிகள் வளையாமல் தோலைக் குத்துவதுதான் காரணம். மெல்லிய இழை குத்துவதற்கு முன்பே வளைந்துகொடுத்துவிடும். மெரினோ இழைகள் பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்டவை என்றாலும், உள்ளாடைக்கு 17 முதல் 19 மைக்ரான் வரை உள்ளதைத் தேடுவது நல்லது. தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். வாங்குமுன் துணியை உள்ளங்கையில் தடவிப் பார்ப்பதில் பயனில்லை, அந்தத் தோல் தடித்தது; கழுத்தின் பக்கவாட்டில் சற்று நேரம் அழுத்தி வைத்துப் பாருங்கள். அங்கே உறுத்தாத துணி பெரும்பாலும் தொடையிலும் உறுத்தாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது துணியின் கனம். நடைக்கான உள்ளாடைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவிலான துணி போதுமானது. 200 கிராமும் 250 கிராமும் கடுங்குளிரில் கணுக்கால் வரை அணியும் நீண்ட உள்ளுடுப்புக்கு உரியவை. அவற்றை ஏற்றத்தில் அணிந்தால் வெந்துவிடுவோம்.

நூறு விழுக்காடு மெரினோ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. மேற்சட்டைக்கு அது பொருந்தும். தொடைகள் ஒன்றோடொன்று ஆயிரக்கணக்கான முறை உரசும் இடத்தில் அவ்வளவு மெல்லிய துணி ஒரே பருவத்தில் ஓட்டையாகிவிடும். 80 முதல் 90 விழுக்காடு வரை மெரினோவும், எஞ்சியதில் நைலானும், இழுபடும் இழையான எலாஸ்டேன் சிறிதும் கலந்த துணியே நீடித்து உழைக்கும். நைலான் இழையை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெரினோவை முறுக்கி நூற்ற துணி கிடைத்தால் இன்னும் நல்லது. உறுதியை நைலான் தரும், தோலைத் தொடுவது கம்பளியாக இருக்கும். கம்பளி எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்கலாம். ஈத்தொற்றைத் தடுப்பதற்காக ஆட்டின் பின்புறத் தோலை வெட்டி நீக்கும் மியூலசிங் என்னும் முறையை நியூசிலாந்து 2018இல் தடைசெய்தது; பிற நாட்டுக் கம்பளியானால் அம்முறை இன்றிப் பெறப்பட்டது என்ற குறிப்பு சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அணிந்து பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றுவிட்டுத் திரும்பாமல், முழுதாகக் குந்தி எழுந்து, முழங்காலை மார்புவரை தூக்கிப் பாருங்கள். தொடையை மூடும் பகுதி சுருண்டு மேலேறினால் அது நீளம் போதாதது. தொடைகள் உரசுகிறவர்களுக்கு உரசும் இடத்தைத் தாண்டியும் கீழிறங்கும் நீளம் வேண்டும். கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடாமல், தனியே ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். தையல் தட்டையாக இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டும்போது உள்ளாடையின் எலாஸ்டிக் அதற்கடியில் சிக்கினால், இரண்டு மணி நேரத்தில் அங்கே சிவந்த தடம் விழும். ஆகவே பையை மாட்டிக்கொண்டு பார்ப்பதே சரியான சோதனை. பெண்கள் அணியும் விளையாட்டு உள்ளாடையில் தோள்பட்டைத் தையலுக்கும் இதே விதிதான். தவிர, அது பையின் முதுகுப்புறத்தோடு அழுந்தி ஈரமாகவே இருக்கும் என்பதால் தடித்த பஞ்சுப் பட்டை வைத்ததைத் தவிர்க்கலாம்.

உள்ளாடை தளர்வாக இருந்தால் நீராவி இழைக்குள் செல்வதற்கு முன்பே தோலில் நீராகிவிடும். ஆகவே இறுக்காமல் தோலை ஒட்டி இருப்பதே சரியான அளவு. அதன் மேல் பருத்திக் காற்சட்டையை அணிவது, வாங்கிய பயனை வீணாக்குவதாகும். வெளியேற வந்த ஈரத்தைப் பருத்தி வாசலிலேயே மறித்துவிடும். புதியதை முதன்முதலாக நீண்ட பயணத்தில் அணியாமல், வீட்டருகே ஓரிரு நடைகளில் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரப் பயணத்துக்கும் மூன்று போதும்: நடக்கும்போது அணிய ஒன்று, காய்வதற்கு ஒன்று, தூங்கும்போது மட்டும் அணிய ஒன்று. மூன்றாவதை எக்காரணம் கொண்டும் நடைக்கு எடுக்காதீர்கள். நனைந்து திரும்பும் இரவில் உலர்ந்த துணி ஒன்று காத்திருக்க வேண்டும். வாரம் முழுவதும் துவைக்காமலே அணியலாம் என்ற விளம்பரப் பேச்சை நான் ஏற்பதில்லை. வாடை வரவில்லை என்பதற்காகத் துணி சுத்தமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தோலின் உப்பும் எண்ணெயும் அதில் படிந்தே இருக்கும். அன்றாடம் மாற்றி, கழற்றியதை உட்புறம் வெளியாகத் திருப்பிக் காற்றில் விரித்துப் போடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாளாவது அலசுங்கள். ஓடையில் இறங்கி அலசாமல், நீரைப் பையில் மொண்டு 60 மீட்டராவது தள்ளிச் சென்று அலசி, அந்த நீரை மண்ணில் ஊற்ற வேண்டும்.

ஈரமான கம்பளி இழை பலமிழந்திருக்கும் என்பதால் முறுக்கிப் பிழிவதுதான் அதற்குச் செய்யும் பெருங்கேடு. துண்டை விரித்து, அதன் மேல் உள்ளாடையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டி, முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்தும் உள்ளாடை வெறும் ஈரப்பதத்தோடும் இருக்கும். குளிர்காய நெருப்பருகே உட்காரும்போது கம்பளிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு: பொறி பட்டால் கருகுமே தவிர, பாலியஸ்டரைப்போல உருகித் தோலில் ஒட்டாது. அதற்காக நெருப்பின் மேலே தொங்கவிட்டு உலர்த்தத் துணியாதீர்கள்.

வீட்டில் துவைக்கும்போது 30 டிகிரிக்கு மேற்படாத நீரில், வலைப்பையில் இட்டு, சலவை இயந்திரத்தில் கம்பளிக்கான சுழற்சியில் ஓடவிடலாம். சலவைத்தூளில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கக் கூடாது. கறையைத் தின்னும் அந்த நொதி, புரதமான கம்பளியையும் தின்னும். குளோரின் வெளுப்பான் கம்பளியைக் கரைத்தேவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் இழையில் படலமாகப் படிந்து ஈரம் ஏற்கும் தன்மையைக் குறைக்கும் என்பதால் அதுவும் வேண்டாம். நிழலில் கிடைமட்டமாக விரித்துக் காயவையுங்கள்.

பயணம் முடிந்து எடுத்து வைக்குமுன் கட்டாயம் துவைத்தாக வேண்டும். அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைத் தின்று வாழ்வது. வியர்வை படிந்த இடத்தை முதலில் தேடிச் செல்லும். நன்றாகக் காய்ந்த துணியை இறுக மூடும் பையில் இடுங்கள். அதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தொடையின் உட்புறத்தைக் கவனியுங்கள். அங்கே துணி சல்லடைபோலத் தெரிந்தால், ஓட்டை விழும்வரை காத்திராமல், மெல்லிய கம்பளி நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டிவிடலாம். முடிச்சு மட்டும் தோலில் படாதபடி வெளிப்புறத்தில் இருக்கட்டும்.