வயல் சாலையில் சைக்கிள்: காற்றும் சேறும்

பினாங்கின் பாலிக் புலாவில், சுங்கை பூரோங் வயல்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது தனிச் சுகம். ஏற்றம் கிடையாது; ஒதுங்க மறைவும் கிடையாது. வெயில் ஏறியதும் மேற்கே கடலிலிருந்து காற்று கிளம்பும். ஆகவே விடிந்ததுமே புறப்படுங்கள்.

அறுவடைக் காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து சாலையேறிய இடத்தில் சேறு கட்டி கட்டியாகக் கிடக்கும். காய்ந்தால் கல், நனைந்தால் பாசிபடிந்த படித்துறை! வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, முன் பிரேக்கைத் தொடாமல், கைப்பிடியைத் திருப்பாமல் நேராக உருட்டிக் கடந்துவிடுங்கள். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

பிரேக் கட்டையில் ஒட்டிய சேற்றை அன்றே கழுவுங்கள். அதிலுள்ள மணல் சக்கர விளிம்பை அரம்போல் தேய்த்துவிடும்.