காலையில் கண் திறப்பது எப்படி? கருவிழியில் கீறல் பட்ட இடம் திரும்பத் திரும்ப உரிபவர்களுக்கு

மொரீசியஸில் ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம். ஃப்ளாக் பக்கம் எங்கள் துண்டு நிலத்தில் ஒரு தோகை என் கண்ணைக் கீறியது. ஒரு வாரத்தில் ஆறியது. மூன்று மாதம் கழித்து, ஓர் அதிகாலையில் இமையைத் திறந்ததும் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தது போல வலி.

பிய்ந்தது உண்மையில் தோல்தான். கீறிய இடத்தில் கருவிழியின் மேல்தோல் அடியில் சரியாகப் பற்றவில்லை. தூக்கத்தில் கண் உலர்ந்து, இமை அதோடு ஒட்டிக்கொள்கிறது.

முதலில் மருத்துவரிடம் போங்கள். மோக்காவில் பாரதியின் பெயர் தாங்கிய கண் மருத்துவமனையே இருக்கிறது. சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தால் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். இலை கீறிய கண்ணில் பூஞ்சை வரலாம். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் அது பெருகும். பாட்டியின் விளக்கெண்ணெயும் வேண்டாம். (பாட்டி கோபித்துக்கொண்டார்.)

இரவில், கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, மருத்துவர் சொன்ன களிம்பை உள்ளே மெல்லிய கோடாக இடுங்கள். சொட்டு மருந்தும் உண்டென்றால் அதை முதலில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. பார்வை மங்கும், பயம் வேண்டாம். மின்விசிறியை முகத்திலிருந்து திருப்பி வையுங்கள்.

இனிக் காலை, எல்லாம் இங்கேதான் இருக்கிறது. விழித்ததும் கண்ணைத் திறக்காதீர்கள். மல்லாந்தபடியே, மூடிய இமைக்குள் விழியை மிக மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். தலைமாட்டில் நேற்றே வைத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுப் புட்டியைக் கையால் தேடி எடுத்து, மூக்கோரக் கண்மூலையில் இரண்டு சொட்டு விடுங்கள். அது கசிந்து உள்ளே இறங்கட்டும். நூறு வரை எண்ணுங்கள். பிறகு மெல்லத் திறங்கள். அலாரம் அடித்ததும் துள்ளி எழுபவர் என்றால் அதைப் பத்து நிமிடம் முன்னதாக வையுங்கள்.

அப்படியும் உரிந்துவிட்டால் கசக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி, பாராசிட்டமால் போதும். மரத்துப்போகச் செய்யும் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள், அது புண்ணை ஆறவிடாது. வெள்ளைப் புள்ளி, சீழ், பார்வைக் குறைவு, தணியாத வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வலி நின்றதும் களிம்பை நிறுத்தத் தோன்றும். பத்தாம் நாள் நிறுத்தினேன், பதினான்காம் நாள் மறுபடி உரிந்தது. தோல் இறுகப் பற்ற மாதங்கள் ஆகும். எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.