சிங்கப்பூர் பார்க்க வருகிறவர்களுக்கு: தண்ணீரோரமாகவே நடங்கள்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் சிங்கப்பூர் வருகிறார்கள் என்றால், ஆட்கள் வருவதற்கு முன்னால் அவர்களுடைய பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடும். யுனிவர்சல், செந்தோசா, மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன் சிலை, முஸ்தபா கடை, பறவைப் பூங்கா, மறுபடியும் முஸ்தபா. மூன்றே நாள். நான் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஒரு நாளை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்த ஒரு நாளில் போவது ஒரே வழிதான்: பழைய கடற்கரையில் ஆரம்பித்து, ஆற்றைப் பிடித்துக்கொண்டு, அது கடலில் சேர்ந்த இடம் வரை நடப்பது. சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான் மொத்த ஊரும். நாடும் அதுதான், தலைநகரும் அதுதான். அதிலும் பழைய ஊர் என்று பார்த்தால் ஆற்று வாயைச் சுற்றிக் கொஞ்சம் இடம், ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும்.

நடப்பதற்கு முன்னால் உள்ளே வரவேண்டுமே, அதை முடித்துவிடுவோம். விசா தனி, அதுபோக வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்திலேயே நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது வேறு யாரோ. பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதில் நம் ஆட்கள் சிக்குவது வேறு வேறு இடங்களில்: அம்மா கட்டிக்கொடுக்கும் கசகசா கூடாது, வாயில் அடக்கும் புகையிலை கூடாது, சூயிங்கம் கூடாது, மின்சிகரெட்டை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சிகரெட்டுக்கு ஒரு குச்சியிலிருந்தே வரி உண்டு, ஒரு பாக்கெட்டுதானே என்ற பேச்சு இங்கே எடுபடாது. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை எடுப்பவர்கள் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு, மருத்துவர் சீட்டையும் கையோடு கொண்டுவருவது நல்லது.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் பெருவிரைவு ரயிலே போதும், தானா மேராவில் ஒருமுறை மாறவேண்டும், அவ்வளவுதான். உங்கள் வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், வெளிநாட்டு அட்டை என்பதால் நாளுக்குச் சிறு கட்டணம் ஒன்று சேரும். நான்கு பேர், எட்டு பெட்டி என்றால் டாக்சியில் ஏறிவிடுங்கள், ஆனால் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம் கூடும். இங்கே டாலரை நாங்கள் வெள்ளி என்போம். பத்து வெள்ளி என்று யாராவது சொன்னால் நகைக்கடைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, நடை. காலை ஏழரை, எட்டுக்கெல்லாம் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் வெளியே வந்துவிடுங்கள். தெலுக் ஆயர் தெருவில் நின்று பார்த்தால் சுற்றிலும் கண்ணாடிக் கட்டடம், வங்கி, காப்பிக் கடை, கழுத்தில் அட்டை தொங்க ஓடுகிற ஆட்கள். கடலே கண்ணில் படாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை, கப்பல்காரர்கள் வந்து இறங்கிய கரை இந்தத் தெருதான். இறங்கிய கையோடு, உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஆளாளுக்கு ஓர் இடம் கட்டிக்கொண்டார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவை அப்படியே நினைவில் வைத்து இங்கே ஒன்றை எழுப்பினார்கள். அதற்குச் சில அடி தள்ளி ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், அதையும் தாண்டிப் போனால் அல் அப்ரார் பள்ளிவாசல், அதுவும் தமிழ் முஸ்லிம்கள் தொழுத இடம். நாகூருக்குப் போய்வந்தவர்கள் அந்தச் சிறிய மினாராக்களைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிடுவார்கள், என் அத்தையும் நின்றார், பிறகு வேளாங்கண்ணி பஸ் கதை ஒன்றை ஆரம்பித்து அரை மணி நேரம் போனது, அது வேறு.

அங்கிருந்து அமோய் தெரு, ஆன் சியாங் மேடு என்று ஏறி இறங்கினால் சவுத் பிரிட்ஜ் சாலை. ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான். 1819இல், இங்கே ஆங்கிலேயர் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் கட்டியது, அப்போது கூரைக் கொட்டகைதான். கோபுரத்தைப் பார்க்க எல்லாரும் வருவார்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஜாமியா சூலியா பள்ளிவாசலையும் எட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே காலத்தவை, இரண்டுமே தமிழர் போட்ட அஸ்திவாரம், இரண்டாலும் பெயர் பெற்ற தெருக்கள் பக்கத்துப் பக்கத்தில். கோயில் மதியம் 12 மணிக்கு நடை சாத்திவிடும், மாலைதான் திறக்கும். அதனால்தான் காலையிலேயே கிளம்பச் சொல்கிறேன்.

சாலையை விடாமல் வடக்கே நடந்தால் எல்ஜின் பாலம், அதன் காலடியில் ஆறு. சிங்கப்பூர் ஆறு என்று பெயர் பெரிதாக இருக்கும், நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான், காவிரிக்காரர்கள் பார்த்தால் வாய்க்கால் என்பார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அரிசியும் ரப்பரும் மிளகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த வாய்க்காலில்தான் தொங்கான் என்ற சரக்குப் படகுகளில் ஏறி இறங்கின. ஆரம்பகாலத்தில் அந்தப் படகுகளில் வேலை செய்தவர்களில் நம் சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள், நிறைய. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி (கடையும் தங்குமிடமுமான கூடம்) வைத்து, தரையில் பாய் போட்டு, முன்னால் ஒரு பெட்டியோடு வட்டிக்கடை நடத்தினார்கள். இன்று அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் அலுவலகக் கோபுரம். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கவனா பாலத்தில் அக்கரைக்குப் போங்கள், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே ஆற்றோரம் வெண்கலச் சிலையாக ஒரு செட்டியார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத தமிழர் குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

கவனா பாலம் 1869இல் கட்டியது. அதன் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை: பாரம் ஏற்றிய வண்டியும் மாடும் குதிரையும் இதில் போகக்கூடாது. இன்னும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடையாக இருந்தது என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டால்தான் நம்புவீர்கள். 1977இல் தொடங்கிப் பத்து வருடம் சுத்தம் செய்தார்கள், பன்றிப் பண்ணைகள், கரையோரக் கடைகள் எல்லாவற்றையும் அகற்றி, தொங்கான்களை 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு சுத்தமானது, ஆற்றில் வேலை இல்லாமல் போனது. இப்போது மிதப்பவை சுற்றுலாப் படகுகள் மட்டுமே, கிளார்க் கீயில் ஏறி நாற்பது நிமிடம். ஆளுக்கு இருபது வெள்ளிக்கு மேல் ஆகும், கொடுக்கலாம், ஆனால் பகலில் ஏறாதீர்கள், விளக்கு வைத்த பிறகு ஏறுங்கள்.

பதினொன்று, பதினொன்றரைக்கு வெயில் தலையில் உட்காரும். நாம் பார்க்காத வெயிலா என்று எல்லாரும் சொல்வார்கள். இது மதுரை வெயில் இல்லை, ஈரத்தோடு அவிக்கிற வெயில், நிழலில் நின்றாலும் வேர்க்கும். ஒருமுறை நான் புத்தியில்லாமல் நடுப்பகலில் எல்லாரையும் மெர்லயன் முன்னால் நிறுத்தினேன், அங்கே ஒரு மரம் கிடையாது, சித்தப்பா படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, முகமெல்லாம் வெளுத்து, இரண்டு பாட்டில் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் பேசினார். ஆகவே மதியத்தை நிழலுக்கு விடுங்கள். அரும்பொருளகத்துக்குள் நுழைந்தால் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுத்த, ஒன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலின் சரக்கு இருக்கிறது, மண் கிண்ணம் கிண்ணமாக. இவ்வளவு பீங்கானா என்று பார்த்துக்கொண்டே குளிர்சாதனத்தில் ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

சாப்பாட்டுக்கு உணவங்காடிக்கு (ஹாக்கர் சென்டர்) போங்கள், பேரங்காடி உணவகத்தில் விழாதீர்கள், அங்கே பில்லில் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதன்மேல் பொருள் சேவை வரி 9 சதவீதமும் ஏறி நிற்கும். உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ விட்டுவிட்டுப் போனது இல்லை, இடம் பிடித்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். காப்பி கேட்கும்போது கோப்பி என்றால் கட்டிப்பால் போட்டு வரும், கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையோடு, கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டுமே இல்லை, சர்க்கரைக்காரர்கள் இந்த மூன்றாவதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பல் என்று எது வந்தாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பாதிக்கு மேல் பிளாச்சான் இருக்கும், அதாவது இறால் கருவாட்டு விழுது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுப்பது வீண்.

மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். இப்போது மெர்லயன். 1972இல் ஆற்று வாயில்தான் வைத்தார்கள், பிறகு எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைக்க, 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். படம் எடுத்துவிட்டு ஜூபிலி பாலத்தைக் கடந்தால் எஸ்பிளனேட் கலையரங்கம், நாங்கள் டுரியான் என்று கூப்பிடுகிற முள்ளுக் கட்டடம், அதன் திறந்தவெளி மேடையில் பல நாள் இலவசமாகக் கச்சேரியோ பாட்டோ நடக்கும். மரினா விரிகுடாவைச் சுற்றி ஒரு முழுச் சுற்று மூன்றரை கிலோமீட்டர். 7 மணியை ஒட்டி இருட்டிவிடும், வருடம் பூராவும் அதே நேரம்தான், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் இல்லையா.

இங்கே ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்பேன்: முன்னால் தெரிவது கடலா? கடல் என்றுதான் சொல்வார்கள். இல்லை. 2008இல் மரினா அணைக்கட்டைக் கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள், உள்ளே இருப்பது நன்னீர்த் தேக்கம். இவ்வளவு பளபளக்கிற வங்கிக் கோபுரங்களுக்கு நடுவில் இருப்பது ஊருக்குக் குடிதண்ணீர். காலையில் பார்த்த கடற்கரை தெருவாகிப் போனது, மாலையில் பார்க்கிற கடல் ஏரியாகிப் போனது.

விளக்குக் காட்சிகளுக்குக் காசு வேண்டாம். கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) செயற்கைப் பெருமரங்களுக்குக் கீழே 7.45க்கு ஒன்று, 8.45க்கு ஒன்று, மரினா பே சேண்ட்ஸ் முன்னால் தண்ணீர்க் காட்சி 8 மணிக்கும் 9 மணிக்கும். 7.45ஐப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்தால் 9 மணிக் காட்சிக்குச் சரியாக இருக்கும், மெனக்கெட்டு ஓட வேண்டியதில்லை. பூந்தோட்டத்தில் குளிர்க் கூடங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் சீட்டு, வெளித்தோட்டம் இலவசம். நேரமும் தெம்பும் இருந்தால் அணைக்கட்டின் புல் மாடிக்கும் போகலாம், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடலில் கப்பல் வரிசை, காற்று அள்ளிக்கொண்டு போகும்.

தேக்காவைப் (லிட்டில் இந்தியா) பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்கள் எப்படியும் போவீர்கள். ஞாயிறு மாலை மட்டும் தவிருங்கள், ஒரு வாரம் முழுக்க வேலை செய்த தம்பிகள் கூடுகிற நேரம் அது, அந்த இடம் அன்றைக்கு அவர்களுடையது. காம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

இன்னொரு நாள் மிஞ்சினால் உபின் தீவு. தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ், அங்கே படகுத்துறையில் ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அங்கே வாடகை சைக்கிள், காட்டுப்பன்றி, செக் ஜாவா என்ற ஈரநிலத்தில் மரப்பாதை. பன்றிக்குத் தின்பண்டம் காட்டாதீர்கள். திரும்புவதை மாலை ஐந்துக்கே முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்கு பேர் செக் ஜாவாவில் நண்டு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது, எங்களைத் தவிர ஒருவர் இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் 12 பேருக்கான 48 வெள்ளியையும் நாங்களே கொடுத்து ஏறினோம். மாமா மட்டும் கவலையே படவில்லை. "எட்டு சீட்டு சும்மா கிடக்குது, காசு கொடுத்தாச்சு, காலை நீட்டுங்கப்பா" என்று ஒரு முழுப் பெஞ்சில் படுத்துவிட்டார்.