டாக்டரிடம் 'துடிக்குது' என்பதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் நமக்கு அமையும் டாக்டருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. அம்மா "நெத்தி விண்விண்ணுன்னு தெறிக்குது" என்பார், கூடப் போன பிள்ளை அதை 'ஹெட் பெயின்' என்று சுருக்கிவிடும், டாக்டருக்கு வேண்டிய விவரம் அங்கேயே போய்விடும். வலி துடிப்பாக வருகிறதா, ஒரே மாதிரி அழுத்துகிறதா என்பதைத்தான் அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலி விட்டு விட்டு, நாடித்துடிப்போடு சேர்ந்து தெறித்தால் 'த்ராபிங்' என்று சொல்லுங்கள். சொத்தைப் பல் வேரில் சீழ் வைத்தாலும், காயம் பழுத்தாலும், ஒற்றைத் தலைவலியிலும் இந்த வார்த்தைதான் பொருந்தும். தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல இருந்தால் அது த்ராபிங் இல்லை, 'டைட்' அல்லது 'ப்ரெஸ்ஸிங்'.

நெஞ்சுக்கு வந்தால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் படபடப்பு என்ற ஒரே சொல்லில் நான்கைந்து விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். 'மை ஹார்ட் இஸ் பீட்டிங்' என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது, எல்லாருக்கும் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் சாதாரணமாக இருந்தும் நெஞ்சில் இடிப்பது போல ஓங்கி அடித்தால் 'பவுண்டிங்', சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கிடுகிடுவென்று ஓடினால் 'ரேசிங்', உள்ளே ஏதோ படபடவென்று சிறகடிப்பது போல லேசாக இருந்தால் 'ஃப்ளட்டரிங்', ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது திடுக்கென்று விழுந்தால் 'ஸ்கிப்பிங் எ பீட்'. 'பால்பிடேஷன்' என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், அதைச் சொன்னாலும் இதில் எது என்று டாக்டர் திரும்பக் கேட்பார்.

எந்த வார்த்தையும் வாயில் வரவில்லையா? துடிப்பு எப்படி இருக்கிறதென்று நோயாளியையே மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீராக வேகமாகத் தட்டுகிறாரா, தாறுமாறாகத் தட்டுகிறாரா என்பதே பெரிய தகவல். தாறுமாறு என்றால் 'இர்ரெகுலர்' என்று கட்டாயம் சொல்ல வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும், அது முதலில் தெரிய வருவது பல நேரம் இப்படித்தான்.

வீட்டிலேயே நாடியையும் எண்ணி வையுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், சீரில்லாமல் இருந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் கோப்பி குடித்தாரா, புது மருந்து ஏதும் ஆரம்பித்தாரா என்பதையும் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மருந்தகத்துக்குப் போகும்போது படபடப்பு அடங்கியிருந்தால் இசிஜியில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

வலி இல்லாமல் துடிப்பு மட்டும் கைக்குத் தெரிந்தால் 'பல்சேட்டிங்'. ஒல்லியானவர்கள் மல்லாந்து படுத்தால் வயிற்றில் இது தெரிவது சகஜம். வயதானவர் வயிற்றில் துடிக்கும் கட்டி போலத் தென்பட்டால் மட்டும் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காதுக்குள் இதயத்துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ்ஸென்று கேட்டால் 'ஊஷிங்', கூடவே 'இன் டைம் வித் மை பல்ஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெறும் இரைச்சலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொற்கள்தான். கண் இமை துடிப்பது நாடி சம்பந்தப்பட்டதே இல்லை, தசையின் வேலை, அதற்கு 'ட்விட்சிங்'.

அப்புறம் ஒன்று. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஏதாவது சேர்ந்தால் வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். வயிற்றில் துடிக்கும் கட்டியோடு வயிறோ முதுகோ திடீரென்று கடுமையாக வலித்தாலும் அப்படித்தான். 'செஸ்ட் பெயின்', 'கான்ட் ப்ரீத்', 'ஃபெயின்டட்', இதில் எது நடந்ததோ அதையும் வீவக புளோக் எண், மாடி, வீட்டு எண்ணையும் சொன்னால் போதும்.