பெரிய பிக்கப் டிரக்கிலிருந்து ஹைப்ரிட் காருக்கு மாறும் முறை

அமெரிக்காவில் எஃப்-150 போன்ற பெரிய பிக்கப் டிரக்கை அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் கார் வாங்க எண்ணினால், டீலரிடம் செல்வதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு குறிப்பேட்டை வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது. பின்பெட்டியில் காருக்குள் அடங்காத பொருள் ஏறிய நாள்கள், டிரெய்லர் இழுத்த நாள்கள், அந்த டிரெய்லரின் எடை, உடன் வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் அதில் எழுதி வந்தால் போதும். மாதந்தோறும் 5,000 பவுண்டு எடையுள்ள படகை ஏரிக்கு இழுத்துச் செல்பவர் டிரக்கை விற்கக்கூடாது என்பதே என் கருத்து. டொயோட்டாவின் ராவ்4 ஹைப்ரிட் எஸ்யூவி, 2025 மாடல் வரை, இழுக்கக்கூடிய எடை 1,750 பவுண்டுதான். ஆண்டுக்கு நான்கைந்து முறை பிளைவுட் பலகையோ தோட்டத்து மண்ணோ ஏற்றுபவருக்கு, யூ-ஹால், ஹோம் டிப்போ போன்ற இடங்களில் அன்றைய தேவைக்கு மட்டும் ஒரு டிரக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே சிக்கனமானது.

அடுத்து எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டும். காலனுக்கு எத்தனை மைல் என்னும் அளவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஆண்டுக்கு எத்தனை காலன் செலவாகிறது என்று கணக்கிடுவதே சரி. 5.0 லிட்டர் வி8 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட எஃப்-150 சராசரியாகக் காலனுக்குச் சுமார் 19 மைல் ஓடும் என்று கொண்டால், ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்கு 632 காலன் பெட்ரோல் தேவைப்படும். 40 மைல் தரும் ஹைப்ரிட் எஸ்யூவியில் அதே தொலைவுக்கு 300 காலன் போதும். 57 மைல் தரும் 2023ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் காரில் 211 காலன். முதல் மாற்றத்திலேயே 332 காலன் மிச்சமாகிறது. அங்கிருந்து பிரியஸுக்குச் சென்றால் மேலும் கிடைப்பது 89 காலன்தான். ஆகவே, குழந்தைகளின் இருக்கைகளுக்கும் மளிகை மூட்டைகளுக்கும் இடம் வேண்டும் என்பவர், மிகச் சிறிய காரை வாங்கிவிட்டுப் பிறகு வருந்த வேண்டியதில்லை. காலன் 3.50 டாலர் என்று கொண்டால் பிரியஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,470 டாலர் மிச்சமாகும். புதிய காரின் தவணை அந்த மிச்சத்தை முழுவதுமாக விழுங்கிவிடுமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

டிரக்கின் மீது கடன் இருந்தால், அதை முழுவதுமாக அடைக்க இன்று எவ்வளவு செலுத்த வேண்டும் என்று கடன் கொடுத்த வங்கியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வண்டியின் மதிப்பைவிடக் கடன் மிகுந்திருந்தால், அந்தப் பற்றாக்குறையைப் புதிய கடனில் சேர்த்துவிடலாம் என்று டீலர் சொல்லக்கூடும். அதற்கு இணங்காதீர்கள், சில மாதங்கள் பொறுத்திருந்து கடனைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியை டீலரிடமே கொடுத்தால் பெரும்பாலான மாநிலங்களில் இரு வண்டிகளின் விலை வித்தியாசத்துக்கு மட்டுமே விற்பனை வரி விதிக்கப்படும். கலிஃபோர்னியாவில் இந்தச் சலுகை இல்லை.

பயன்படுத்திய ஹைப்ரிட் வாங்குபவர்கள் பெரிய பேட்டரியின் வாரண்டியைத் தவறாமல் கேட்க வேண்டும். 2020 மாடலிலிருந்து டொயோட்டா தன் ஹைப்ரிட் பேட்டரிகளுக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை, பொறுப்பேற்கிறது. பல மாடல்களில் பின்னிருக்கையின் அருகே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையும் வடிகட்டியும் இருக்கும். அவற்றில் தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால், முந்தைய உரிமையாளர் வண்டியை எவ்வளவு கவனித்தார் என்பது தெரிந்துவிடும். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்களையும் அழைத்துச் சென்று இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். டிரக்கின் உயரத்துக்குப் பழகியவர்களுக்குத் தாழ்வான கார் சிரமமாக இருக்கலாம்.

ஓட்டும் பழக்கமும் சற்று மாற வேண்டும். சிக்னலை நெருங்கும்போது முன்கூட்டியே மெல்ல பிரேக்கை அழுத்தினால், வண்டியின் வேகம் மின்சாரமாக மாறிப் பேட்டரியில் சேரும். கடைசி நொடியில் ஓங்கி அழுத்தினால் அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். கடுங்குளிரில் குறுகிய தொலைவு ஓடும்போது, உள்ளே சூடேற்றுவதற்காக எஞ்சின் அடிக்கடி இயங்குவதால் மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் குடும்பத்தில் ஓட்டுபவர் அனைவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நிற்கும்போது ஹைப்ரிட் காரில் எந்த ஓசையும் இராது என்பதால், அணைத்துவிட்டதாக நினைத்துக் காரைக் கராஜுக்குள் அப்படியே விட்டு இறங்கிச் சென்றுவிட நேரும். பேட்டரி குறைந்ததும் எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கி, மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடை நிரப்பிவிடும். இறங்குமுன் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் ‘ரெடி’ என்னும் எழுத்து மறைந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கராஜை ஒட்டிய அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், கார் வீடு வந்து சேருவதற்கு முன்பே அதை வாங்கி மாட்டிவிடுங்கள்.