ஆப்பிள் ஜூஸ் பழுப்பேறாமல் இருக்க

ஆப்பிளின் கன அளவில் சுமார் கால் பங்கு காற்றுதான். அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. மிக்ஸியில் அடிக்கும்போது அந்தக் காற்றும் வெளிக்காற்றும் சாற்றில் கலந்துவிட, பழத்திலுள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி சில நிமிடங்களிலேயே சாற்றைப் பழுப்பாக்கிவிடும். அரைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் பாதிப் பலன்தான். 2 ஆப்பிளுக்கு 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஜாரில் ஊற்றி, நறுக்க நறுக்கத் துண்டுகளை அதில் புரட்டுங்கள். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். அதிலுள்ள வைட்டமின் சி, நிறம் மாறத் தொடங்கிய பொருள்களைப் பழைய நிலைக்குத் திருப்பும். ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பழமானால் இன்னும் நல்லது.

விதைகளை அவசியம் எடுத்துவிடுங்கள். அரைபட்டால் அவற்றிலுள்ள அமிக்டலின் என்ற பொருளிலிருந்து சயனைடு நஞ்சு உருவாகும்.

டிபன் பாக்ஸுக்குத் துண்டுகளா? 1 கப் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு கரைத்து 5 நிமிடம் ஊறவைத்து அலசினால் போதும்.