பந்தயத் தடத்தில் பைக் பயிற்சி நாள்: முதன்முறை செல்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பைக் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் முறையாகக் கற்றவர்கள் அல்லர். அண்ணனின் வண்டியிலோ நண்பனின் வண்டியிலோ கிளட்சை விடப் பழகி, எட்டுப் போட்டு உரிமம் வாங்கியதும், மீதியைச் சாலையில் ஓட்டி ஓட்டித் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரே வளைவை, ஒரே வேகத்தில், ஒரே பிழையைத் திருத்தும் நோக்கத்தோடு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சாலை இடம் தருவதில்லை. எதிரே லாரி வரும், வளைவின் நடுவில் மணல் கிடக்கும், நாய் குறுக்கே ஓடும். எதிர்ப்போக்குவரத்து இல்லாத, தரை சீரான, விழுந்தாலும் மோதுவதற்கு மின்கம்பம் இல்லாத இடத்தில் அந்த வாய்ப்பைத் தருவதுதான் பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சி நாள். அங்கே போகிறவர் வேகத்தைத் தேடிப் போகக் கூடாது, கற்கப் போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடம் 1990 முதல் இயங்கிவருகிறது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது அது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய தடம். சிறிய எஞ்சின் கொண்ட வண்டிகளோடு தொடங்குபவர்களுக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. நீண்ட நேர்ப்பாதைகள் குறைவாக இருந்தால், மனம் வேகத்தில் போகாமல் வளைவுகளில் நிற்கும்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். தடத்தை வாடகைக்கு எடுத்து, வருபவர்களைச் சுற்ற விடும் நாள் வேறு. பயிற்றுநர்கள் வகுப்பெடுத்து, உங்கள் பின்னால் ஓட்டி வந்து பார்த்து, குறை சொல்லித் திருத்தும் நாள் வேறு. முதன்முறை போகிறவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்கரான கீத் கோட் 1980-இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து பயிற்சி நடத்தியிருக்கிறது. நம் நாட்டுப் பந்தய வீரர்களும் வண்டி நிறுவனங்களும் நடத்தும் பயிற்சிகளும் உண்டு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், வகுப்பு எத்தனை முறை, வண்டி அவர்களே தருவார்களா என்ற மூன்று கேள்விகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சாதாரண வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. தடத்தில் வண்டி சேதமானால் செலவு உங்களுடையது என்று எண்ணிக்கொண்டே போவது நல்லது.

வண்டியைத் தயார் செய்யும் வேலையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோ 155 டிகிரிதான். சாலையில் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாது. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை அழுத்திப் பிடிக்கும்போது, பழைய ஆயில் கொதித்துக் குமிழியிட்டு, லீவர் கைப்பிடி வரை ஒட்டிக்கொண்டு வரும், வண்டியோ நிற்காது. ஆகவே ஆயிலை மாற்றிவிடுங்கள். பிரேக் பேடில் பாதிக்கு மேல் தடிமன் மிச்சம் இருக்கிறதா, செயினின் தொய்வு கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா, திராட்டிலை முறுக்கி விட்டவுடன் தானாகத் திரும்பி மூடுகிறதா, எஞ்சின் ஆயிலோ கூலன்டோ எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலையில் தடத்தில் நடக்கும் வண்டிப் பரிசோதனையிலும் இவற்றைத்தான் பார்ப்பார்கள். கசிவு இருந்தால் உள்ளே விட மாட்டார்கள், ஏனெனில் ஒருவர் சிந்தும் எண்ணெயில் வழுக்கி விழப்போவது பின்னால் வரும் மற்றொருவர்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஐந்து ஆண்டைத் தாண்டிய டயர் பார்வைக்குத் தேயாமல் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்திருக்கும், அதை நம்பிச் சாயக் கூடாது. தடத்தில் டயர் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிவடைவதால், சாலைக்கு வைக்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைத்து வைப்பது வழக்கம். எவ்வளவு குறைப்பது என்பது டயருக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும் என்பதால் பயிற்றுநரிடம் கேட்டே செய்யுங்கள். சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் குளிர்ந்த நிலையிலும், ஒவ்வொரு முறை தடத்திலிருந்து வந்த உடனேயும், அதே கருவியால் அளந்து எழுதிவையுங்கள். ஒரு கருவி காட்டும் அளவு மற்றொன்றில் வராது.

தடத்துக்குப் போனதும் கண்ணாடிகளையும் எண் பலகையையும் கழற்றுவீர்கள். முகப்பு விளக்கு, பின் விளக்கு, இண்டிகேட்டர்கள் ஆகியவற்றின் மேல் டேப் ஒட்டுவீர்கள். வண்டி விழுந்தால் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் தடத்தில் சிதறாமல் இருக்கவே இது. மிச்சமிருக்கும் டேப்பில் ஒரு துண்டை வேகமானியின் மேலும் ஒட்டிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். எண்ணைப் பார்க்கும் ஆசை போனால், கண் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

உடை விஷயத்தில் சமரசத்துக்கு இடமில்லை. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், ஒரே துண்டான அல்லது இடுப்பைச் சுற்றி முழுவதும் ஜிப் வைத்து இணையும் லெதர் சூட், மணிக்கட்டைத் தாண்டி மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முதுகுக் காப்பு ஆகியவை இல்லாமல் தடத்தில் இறங்க முடியாது. தாடைப்பகுதி மேலே தூக்கும் வகை ஹெல்மெட்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. லெதர் சூட் விலை அதிகம் என்று தயங்குபவர்களுக்கு வாடகைச் சூட் கிடைக்கும். ஆனால் முதல் நாளே போட்டுப் பார்த்து, குனிந்து வண்டியில் உட்காரும் நிலையில் தோளோ முழங்காலோ இழுக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நின்றால் இறுக்கமாகவும் குனிந்தால் வசதியாகவும் இருப்பதுதான் சரியான அளவு.

நாளின் ஒழுங்கு பெரும்பாலும் இப்படி இருக்கும். மாணவர்களை இரண்டு அல்லது மூன்று குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்டும்போது மற்றொன்று வகுப்பில் இருக்கும், இன்னொன்று ஓய்வெடுக்கும். காலைக் கூட்டத்தில் கொடிகளைப் பற்றிச் சொல்வதைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, ஆனால் நடுத்தடத்தில் சட்டென்று பிரேக் பிடிக்காமல், பின்னால் வருபவர் புரிந்துகொள்ளும்படி படிப்படியாக வேகம் குறைத்து, தடத்தை ஒட்டி வண்டிகள் வந்து நிற்கும் ஒதுக்குப்பாதையான பிட் லேனுக்கு வர வேண்டும். முதல் சுற்றில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, கொடி காட்டும் தடப் பணியாளர்களான மார்ஷல்கள் நிற்கும் இடங்கள் எங்கெங்கே என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வதுதான். தடத்தை விட்டு வெளியேறும்போது போதிய தூரத்துக்கு முன்பே இடக்கையை உயர்த்திக் காட்டுங்கள்.

இனி ஓட்டும் முறை. உங்களால் முடிந்த வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அது முழுவதையும் பயம் எடுத்துக்கொண்டால் கற்பதற்கு மிச்சம் இருக்காது. வேகம் சிறிதளவு கூடினாலே வளைவில் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க வண்டி ஏறத்தாழ 30 டிகிரி சாய வேண்டும். அதே வளைவை 80-இல் எடுக்க 45 டிகிரி சாய வேண்டும். கூடியது 20 கிலோமீட்டர்தான், ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டுமே உரிய சாய்வுக்கு அது கொண்டுபோய்விடுகிறது. டயரின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் பட்டையைப் பார்த்து வெட்கப்பட்டு, அதை அழிப்பதற்காகச் சாய்ப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டை உங்கள் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கற்க வேண்டியவற்றில் முதன்மையானது பார்வை. நாம் பார்க்கும் இடத்துக்கே வண்டி போகும். வளைவில் பயந்தவர் தடத்தின் விளிம்பைப் பார்ப்பார், விளிம்புக்கே போவார். பயிற்சியில் கற்பிப்பது இரண்டு படிகளான பார்வை: வண்டியைத் திருப்பத் தொடங்கும் புள்ளியை முதலில் கண்ணால் பிடித்து, அதை நெருங்கும்போது, அங்கே சேர்வதற்கு முன்பே, வளைவின் உட்பக்கத்தில் வண்டி தொட்டுப்போக வேண்டிய இடத்துக்குப் பார்வையை நகர்த்துவது. தரையில் ஒரு தார் ஒட்டு, நிறம் மாறிய இடம், ஓரக் கல்லின் வண்ணம் தொடங்கும் இடம் என்று அசையாத ஒன்றையே திரும்பும் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். நிழல் உதவாது, காலையில் இருந்த இடத்தில் மதியம் அது இருக்காது. அந்தப் புள்ளியைப் பெரும்பாலானோர் தேவைக்கு முன்பே வைத்துவிடுகிறார்கள். சீக்கிரம் திரும்பினால் வளைவின் முடிவில் தடம் போதாமல் வெளியே தள்ளப்படுவோம்; சற்றுத் தாமதித்துத் திரும்பினால் வெளியேறும் பாதை முழுவதும் கண்முன் திறக்கும்.

அடுத்தது கைகள். இடப்பக்கம் போக இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும், வலப்பக்கம் போக வலக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். இதைத் தெரியாமலேயே எல்லோரும் செய்கிறோம், தெரிந்து செய்யும்போது வண்டி உடனே கீழ்ப்படிகிறது. திருப்பி முடித்ததும் கைகள் தளர்ந்துவிட வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருப்பவரின் வண்டி வளைவில் ஆடும், அவரோ டயர் சரியில்லை என்று எண்ணுவார். முதல் முறை ஓட்டிவிட்டு வந்ததும் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பாருங்கள்: விரல்களின் அடியில் சிவந்து, தோல் சுருங்கி, கொப்புளம் எழத் தொடங்கியிருந்தால், உடலின் பாரத்தைக் கைகளில் சுமந்திருக்கிறீர்கள் என்று பொருள். முழங்கால்களால் டேங்கை அணைத்து, வயிற்றுத் தசையால் உடலைத் தாங்கினால், ஓட்டும்போதே முழங்கையை இறக்கைபோல் அசைத்துப் பார்க்க முடியும். பயிற்றுநர்கள் சோதிப்பதும் இப்படித்தான்.

திராட்டிலுக்கு ஒரே விதி: வளைவில் ஒருமுறை திறக்கத் தொடங்கினால், வளைவு முடியும் வரை சீராகவும் மெதுவாகவும் இடைவிடாமலும் திறந்துகொண்டே போக வேண்டும். நடுவில் மூடினால் பாரம் முன் சக்கரத்துக்குப் பாயும், சஸ்பென்ஷன் அமுங்கும், வண்டி பிடித்த பாதையை விட்டு விலகும். இந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், வளைவுக்குள் நுழையும் வேகத்தை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதனால் பிரேக்கை, தேவை என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே, முதலில் மென்மையாகவும் பிறகு அழுத்தமாகவும் பிடித்து, மெல்ல விடுங்கள்.

முந்துவதற்கு அவசரம் காட்டாதீர்கள், முந்தப்படுவதற்கும் அஞ்சாதீர்கள். பின்னால் வருபவருக்கு வழிவிடுவதாக எண்ணிப் பாதையை மாற்றுவதுதான் ஆபத்து. நீங்கள் உங்கள் பாதையிலேயே சீராகப் போங்கள், இடைவெளி விட்டுத் தாண்டுவது அவர் பொறுப்பு. தடத்தை விட்டு மண்ணிலோ புல்லிலோ இறங்கிவிட்டால், முன் பிரேக்கைத் தொடாமல் வண்டியை நிமிர்த்தி நேராக ஓடவிட்டு வேகம் குறையுங்கள். விழுந்துவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். சறுக்கல் முழுவதும் நின்றது உறுதியான பிறகே எழுந்து, மார்ஷல் சொல்லும் பக்கம் போங்கள்.

ஓய்வு நேரத்தை அரட்டையில் கழித்துவிடாதீர்கள். சூட்டின் மேற்பகுதியைக் கழற்றி நிழலில் உட்கார்ந்து, தண்ணீரோ உப்புக் கலந்த மோரோ குடித்து, ஒரு தாளில் தடத்தின் வடிவத்தை வரைந்து, எந்த வளைவில் எங்கே திரும்பினீர்கள் என்று குறியுங்கள். ஏதேனும் ஒரு வளைவுக்கு ஒன்றும் எழுத வரவில்லையென்றால், அந்த இடத்தில் நீங்கள் பார்க்காமலேயே ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் லெதருக்குள் உடல் இழக்கும் நீர் அதிகம், அது முதலில் கவனத்தைத்தான் குறைக்கும். விபத்துகள் பிற்பகலின் கடைசிச் சுற்றுகளில்தான் சேர்கின்றன என்று பயிற்றுநர்கள் எச்சரிப்பதன் காரணமும் இதுவே. காலையில் எளிதாகப் பிடித்த திரும்பும் புள்ளி இரண்டு முறை தொடர்ந்து தவறினால், கட்டிய பணத்தை எண்ணாமல் பிட் லேனுக்குத் திரும்பிவிடுங்கள்.

வந்த வண்டியிலேயே வீடு திரும்புவதானால், டேப்புகளை உரித்து, கண்ணாடிகளையும் எண் பலகையையும் மாட்டி, டயர்கள் ஆறிய பிறகு காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். தடத்தின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பெங்களூரு நெடுஞ்சாலையின் எண்பது மிக மெதுவாகத் தோன்றும். மறுநாள் பிரேக் பேடின் தடிமனை அளந்து, செயினின் தொய்வைச் சரிசெய்து, கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் வைத்து ஒருமுறை பாருங்கள்.